நான் மொழிபெயர்த்த மாப்பிள்ளை

மழையில் நனைந்த தோல் சப்பாத்தை ஹீட்டரின் மேல் காயப் போட்டால் ஒரு மணம் வரும். பாதி மாட்டுக்கொட்டில், பாதி மெழுகு, இரண்டுக்கும் அடியில் அதைப் போட்டு நடந்தவரின் சொந்தச் சரக்கு. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்த இரண்டறை வீட்டில், ஐப்பசி தொடங்கிப் பங்குனி முடியும் வரைக்கும் இந்த மணம்தான் குடியிருந்தது. அம்மா மீன் பொரித்தாலும் சாம்பிராணி போட்டாலும் அது கொஞ்சம் ஒதுங்கி நின்று வழிவிட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். முழங்கால் வரை ஏறுகிற, மூக்குக் கூரான அந்தச் சப்பாத்துகள் என் மாமாவுடையவை, அதாவது அம்மாவின் தம்பி ஜோசப்புடையவை. அவை என் அறையின் ஹீட்டரில் காய்ந்தன, ஏனென்றால் மாமா என் அறையில் இருந்தார். நானோ அம்மா அப்பாவின் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய மெத்தையில், பதினொரு வயதில், சொந்த வீட்டுக்குள்ளேயே அகதியாக இருந்தேன். மாமாவைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஏதாவது நல்லது வரும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம். 'சொன்னார்', 'வந்தார்' என்று நான் எழுதிக்கொண்டு போவது இலக்கணம். அதை அன்பென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவருடைய மேடைப் பெயர் 'மன்னார் ஜோ'. ரூர் என்கிற எங்கள் சுரங்கப் பகுதி ஜெர்மன்காரர்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கிழமை முழுவதும் நிலக்கரிச் சுரங்கத்திலும் இரும்பு ஆலையிலும் முறிந்தவர்கள், சனிக்கிழமை வந்தால் அகலத் தொப்பியும் பெரிய வளையம் வைத்த இடுப்பு வாரும் கூர்ச்சப்பாத்தும் போட்டுக்கொண்டு, மூடிப்போன ஒரு சுரங்கத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் கூடி, தாங்கள் அமெரிக்காவில் மாடு மேய்ப்பதாக நினைத்துக்கொண்டு வரிசையில் நின்று ஆடுவார்கள். அந்தப் பாட்டுக்கு 'கன்ட்ரி' என்று பெயர். குடி, சிறை, ரயில், விட்டுவிட்டுப் போன மனிசி, இந்த நாலுக்கும் வெளியே அதில் ஒரு சாமானும் இல்லை. மாமா முதன்முதல் இருந்த அகதிகள் விடுதியின் காவல்காரரும் இப்படிச் சனிக்கிழமைத் தொப்பிக்காரர்தான். அவர் இரண்டு நரம்பு அறுந்த ஒரு கித்தாரை மாமாவிடம் கொடுத்தார். மன்னாரில் மாமா மாடுகூட மேய்த்தவர் அல்ல. மன்னார் தெருவெல்லாம் கழுதைதான். ஆனாலும் அவர் வாயைத் திறந்தால், யாரோ ஒரு கதிரையைச் சீமெந்து நிலத்தில் இழுத்துவிட்டு அந்தக் கதிரைக்காகவே அழுவது போல ஒரு குரல் வரும். அதைக் கேட்டு ஆறடி உயரச் சுரங்கத் தொழிலாளர்கள் மூக்கைச் சிந்துவதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

குரலுக்குப் பின்னால் ஆள் என்று ஒருவர் இருந்தாரே, அவரைப் பற்றித்தான் எனக்கு முறைப்பாடு. நான் முதன்முதல் நற்கருணை வாங்குகிற முதல்நன்மைப் பூசைக்குக் கோயிலில் பாடுவதாகச் சொல்லி, "பத்து நிமிசத்தில வாறன் பிள்ளை" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் படியிறங்கியவர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தார். வெள்ளை உடுப்போடு கோயில் வாசலில் நான் நின்ற படம் ஒன்று இருக்கிறது; எல்லோரும் படம் எடுப்பவரைப் பார்க்க, நான் மட்டும் பஸ் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒருமுறை குடித்துவிட்டு மேடையிலிருந்து தலைகுப்புற விழுந்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. விழ விழ அவருடைய பெயர்தான் எழும்பியது. "குரல் நல்லா இருந்தாக் கழுதையையும் பீடத்தில ஏத்துவாங்கள்" என்று அப்பா சொல்வார். சலவை ஆலையில் பன்னிரண்டு வருடம் ஒரு நாளும் பிந்தாமல் வேலைக்குப் போன மனிதர் அவர். அவர் பிந்தாததற்கு ஒருவரும் கைதட்டவில்லை.

மாமாவைத் திருத்துவதற்கு அம்மா கண்டுபிடித்த வழி, எங்கள் சனம் எல்லாம் கண்டுபிடிக்கிற வழிதான். "ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சா எல்லாம் சரி வரும்." மருந்தில்லாத வியாதிக்கெல்லாம் ஊரான் வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கொடுப்பது நம்முடைய பழைய வைத்தியம். மன்னாரில் ரெஜினா என்று ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. அவளுடைய தகப்பனார் கோயில் பங்கில் நாட்டுக்கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், மரியாதையான மனிதர். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று எழுத்தில் கேட்டிருந்தார். என்ன செய்கிறார் என்பது எங்களுக்கே பெரிய கேள்விதான். அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகையில் மாமாவைப் பற்றி அரைப் பக்கம் வந்தது, தொப்பியை முகத்தில் இறக்கிவிட்ட படத்தோடு. அம்மா படத்தை வெட்டி வைத்துக்கொண்டு, கட்டுரையை என் முன்னால் போட்டார். "டிலானி, இதைத் தமிழில வடிவா எழுது. அனுப்ப வேணும்."

எங்கள் வீட்டின் வெளிநாட்டு அமைச்சு நான்தான். கந்தோர்களில் 'டெர்மின்' என்கிற சந்திப்பு நேரம் எடுப்பது, 'அன்ட்ராக்' என்கிற விண்ணப்பம் நிரப்புவது, தொலைபேசியில் அம்மாவின் குரலில் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. ஆனால் என்னுடைய தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ். 'ல', 'ள', 'ழ' மூன்றையும் சீட்டுக் குலுக்கித்தான் போடுவேன். கட்டுரையின் தலைப்பு 'கன்ட்ரியின் ஜாம்பவான்' என்ற பொருளில் இருந்தது. கன்ட்ரி என்றால் என்ன? அந்தக் கிழமைதான் ஆங்கிலப் பாடத்தில் படித்திருந்தேன்: நாடு. பதினொரு வயதில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்கிற வழக்கம் கிடையாது. 'நாட்டுப் பாடல் மேதை' என்று எழுதினேன். 'மேடையில் விழுந்தாலும் எழுந்து பாடுபவர்' என்று எழுதினேன், அது கேட்க வீரமாக இருந்தது. 'எதைப் பாடுகிறாரோ அதன்படியே வாழ்கிறவர்' என்று கடைசி வரியையும் எழுதினேன். முழு மொழிபெயர்ப்பிலும் பிழையில்லாத வரி அது ஒன்றுதான். ஆகப் பெரிய நாசத்தைச் செய்ததும் அதுதான்.

நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். 'நாட்டுப் பாடல்' என்றால் அங்கே ஒவ்வொருவர் காதில் ஒவ்வொரு மாதிரி விழுந்திருக்கும். அண்ணாவியாரின் காதில் அவருக்குப் பிடித்த மாதிரியே விழுந்தது: ஜெர்மனியில் இருந்துகொண்டு நாட்டுக்கூத்துப் பாட்டை விடாமல் பாடுகிற பிள்ளை, தன் வழியிலேயே வாழ்கிற பிள்ளை. "எங்கட கலைய அந்தக் குளிருக்குள்ள காப்பாத்துற மருமகனை மாதாவே காட்டித் தந்தா" என்று பதில் வந்தது. அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அம்மாவுக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும் என்று நான் இப்போது நினைக்கிறேன். நான் கேட்டதில்லை, கேட்டால் எனக்கும் அதே கேள்வி திரும்பி வரும்.

ரெஜினா மாமி வந்து இறங்கிய அன்று, சனிக்கிழமைத் தொப்பிக்காரர்களின் கிளப்புக்குத் தலைவர், 'ஷெரீஃப்' என்று எல்லோரும் கூப்பிடுகிற மீசைக்காரர், இருபது பேரைத் தொப்பியும் வாருமாக விமான நிலையத்துக்குக் கூட்டி வந்திருந்தார். பூங்கொத்தும் கித்தாரும் துருத்தி வாத்தியமும் இருந்தன. மாமி, மெல்லிய சேலைக்கு மேல் நாங்கள் கொண்டுபோன என் அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்தக் கூட்டத்தைக் கண்டதும் கைகூப்பினார். கூத்துக்காரர் வேசம் கட்டிக்கொண்டு வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். "இதில ராசா ஆர்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ராசா அந்த நேரம் விமான நிலையத்துக் கழிப்பறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

கலியாணம் முடிந்து அவர்கள் எங்களுக்கு மேல் மாடியில் குடியேறினார்கள், எனக்கு என் அறை திரும்பக் கிடைத்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கொடுத்து ஒரு கட்டிலை வாங்கிய வியாபாரம் அது. மாமி வந்த முதல் வருடத்திலேயே, மாமாவைப் பிடித்து நிறுத்துகிற வேலையைக் கற்றுக்கொண்டார். மேடைக்கு முன்வரிசையில் உட்காருவார். மாமா சரியத் தொடங்கினால் தண்ணீர் கொடுக்கிற சாட்டில் எழுந்து போய்த் தோளை முட்டுக் கொடுப்பார். சனம் அதையும் பாட்டின் ஒரு பகுதியாக ரசித்தது. "என்ன பாசம் பாருங்கோ!" முட்டுக் கொடுத்தவருக்குத் தோள்மூட்டு நோவு வந்தது, அதைப் பற்றி அந்தப் பாட்டுகளில் ஒரு வரியும் இல்லை.

ஆனால் மாமி கூத்துக்காரரின் மகள், நீளமான வசனத்தை மனப்பாடம் செய்யத் தெரிந்தவர். ஜெர்மன் வகுப்பில் மற்றவர்கள் இலக்கணத்தோடு மல்லுக்கட்ட, மாமி முழுப் பாடத்தையும் இராகம் போட்டுப் பாடமாக்கினார். இரண்டு வருடத்தில், முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு 'ஆஸ்பில்டுங்', அதுதான் மூன்று வருடத் தொழிற்பயிற்சி, கிடைத்தது. நான் அவருக்குச் சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பரிசோதிப்பேன். படுக்கைப் புண், சர்க்கரை அளவு, விழுங்கச் சிரமம். அந்த ஜெர்மன் சொற்களை மாமி கூத்துமெட்டில் பாடும்போது எனக்குச் சிரிப்பில் வயிறு நோகும். அந்தச் சமையலறையில்தான் எனக்குக் கொஞ்சமாவது ஒழுங்கான தமிழும் வந்தது, அதற்காக மாமாவுக்கு நன்றி சொல்ல நான் தயாரில்லை.

கடைசிச் சோதினை ஒரு வெள்ளிக்கிழமை என்று கடிதம் வந்தது. சோதிப்பவர்கள் முதியோர் இல்லத்துக்கே வந்து, மாமி ஒரு நோயாளியை எப்படிப் பார்க்கிறார் என்று காலை முழுவதும் கவனிப்பார்கள். அதே வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறொரு நகரத்தில் திறந்தவெளி விழாவில், வானொலி நேரடியாக ஒலிபரப்ப, மாமா பாட வேண்டும் என்றும் வந்தது. அங்கே போவதானால் காலையிலேயே வெளிக்கிட வேண்டும். மாமி இல்லாமல் மாமா மேடையில் நிற்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழமை எங்கள் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் கூடியது. ஷெரீஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கெஞ்சினார். கோயில் சனம் வந்தது. அம்மாவே மேலே ஏறிப் போனார். "ரெஜினா, சோதினை பிறகும் எடுக்கலாம். தம்பிக்கு இது ஒருக்காத்தான் வரும்." மாமா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, தியாகம் செய்கிறவர் போல ஒரு முகத்தை வைத்திருந்தார். அந்த முகத்தைத்தான் என்னால் இன்றுவரை மறக்கவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. வியாழக்கிழமை பின்னேரம் மாமி கோழி வெட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, ஐந்து வருடமாக வயிற்றுக்குள் கிடந்ததைக் கக்கினேன். "மாமி, அந்தப் பேப்பரை நான்தான் தமிழில எழுதினது. நாட்டுப் பாட்டு எண்டு பிழையா எழுதிப் போட்டன். அதாலதான் நீங்கள் இஞ்ச வந்தனீங்கள். நாளைக்கு அங்க போகாதேங்கோ." சொல்லிவிட்டு அழுதேன், மூக்கு ஒழுக ஒழுக; அழகான அழுகை அல்ல, பன்றிக்குட்டி அழுகை.

மாமி கத்தியை வைக்கவில்லை. "உன்ர கையெழுத்தெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. 'பாடள்' எண்டு எழுதியிருந்தாய். என்ர அப்பா அதைச் செந்தமிழ் எண்டு நினைச்சார்." ஒரு கோழிக்காலைத் தனியே எடுத்து வைத்தார். "பிழையெண்டு எனக்கு எயார்போட்டிலயே விளங்கீட்டுது. திரும்பிப் போற பிளேன் எங்க நிக்குது எண்டு கேக்கிறதுக்குத்தான் பாசை தெரியேல்ல."

நான் இன்னும் அழுதேன். "சும்மா இரடி, கோழிக்கு உப்புக் கூடீடும்" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கு மாமி வெள்ளைக் காற்சட்டையும் சட்டையும் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். கோழிக்கறி அடுப்பில் மூடி இருந்தது, சோறு பக்கத்தில் இருந்தது, இரண்டு மணிக்கு வந்துவிடுவேன் என்று மேசையில் ஒரு துண்டும் இருந்தது. ஷெரீஃப் வந்து மாமாவைத் தூக்கி வாகனத்தில் போட்டுக்கொண்டு போனார்.

சோதினை நன்றாக முடிந்தது. நோயாளியான பாட்டியே சோதிப்பவர்களிடம், "இவளைப் பெயில் விட்டால் உங்களைச் சும்மா விட மாட்டேன்" என்று சொன்னாராம். உடன் வேலை செய்தவர்கள் இல்லத்தின் சமையலறையில் கேக் வெட்டினார்கள். மூலையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அப்போது மாமாவின் குரல் கேட்டது. "இன்று காலை என் மனைவி என்னை விட்டுப் போய்விட்டாள். சிவப்புப் பெட்டியோடு ரயில் ஏறிவிட்டாள். இது அவளுக்காக." பிறகு ஒரு பாட்டு. வழக்கமான ரயில், வழக்கமான குடி, ஒவ்வொரு அடியின் முடிவிலும் மாமா தமிழில் போட்ட நீண்ட 'ஐயோ'. தான் புருசனை விட்டுப் போன செய்தியை மாமி இப்படித்தான், வாயில் கேக்கோடு, வானொலியில் கேட்டறிந்தார். மாமியிடம் சிவப்புப் பெட்டி இருந்ததே இல்லை. இருந்தது மண்ணிறப் பை ஒன்று.

இரண்டு மணிக்குச் சொன்னபடி வீட்டுக்கு வந்தார். கறியைச் சூடாக்கிச் சாப்பிட்டார். எனக்கும் போட்டார். பிறகு அந்த மண்ணிறப் பையை எடுத்து, மாமாவின் சட்டைகளையும் வாரையும் சவர சாமான்களையும் ஒவ்வொன்றாக மடித்து வைத்து, பையைக் கீழே கொண்டுவந்து எங்கள் கதவடியில் வைத்தார். அம்மா ஓடி வந்து, "என்னடி இது?" என்றார்.

"அவர் ஊருக்கெல்லாம் பாடிப்போட்டார் மச்சாள். பாடினது பொய்யாப் போகக் கூடாதெல்லே."

அதற்குப் பிறகுதான் மாமா உண்மையில் ஜாம்பவான் ஆனார். அந்த ஐயோப் பாட்டு ரூர் முழுவதும் பரவியது. ஒவ்வொரு கிளப்பிலும் முந்நூறு ஜெர்மன்காரர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண் கலங்க, "ஐயோ" என்று ஒரே குரலில் இழுப்பார்கள். எங்கள் சனம் செத்த வீட்டில்கூட இவ்வளவு சுருதி சுத்தமாக அழுததில்லை. அந்தப் பெண்ணை எல்லோரும் திட்டினார்கள். கோயில் சனமும் திட்டியது, அம்மாவும் ஒரு வருடம் மாமியோடு பேசவில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பிறகு, மாமியின் புது வீட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு போய்விட்டு, அம்மா கேட்டால் "நடக்கப் போனனான்" என்பார். மாமா பதினொரு வருடம் அந்த ஒரு பாட்டின் மேல் படுத்துக் குடித்தார். ஈரல் அதற்கு மேல் தாங்கவில்லை. அடக்கத்துக்கு இருநூறு தொப்பிகள் வந்தன. நான் போனேன், அழவும் செய்தேன். அவர் நல்லவர் என்று அதற்குப் பொருள் இல்லை. எனக்கு அந்தப் பாட்டு முழுவதும் பாடம். இன்றைக்கும் பல் விளக்கும்போது என்னையறியாமல் வருகிறது, உடனே துப்பிவிடுகிறேன்.

இப்போது அந்தச் சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகள் துள்ளி விளையாடுகிற ரப்பர் மெத்தைகள் போட்டிருக்கிறார்கள். சுரங்கம் எதுவும் இல்லை. கூர்ச்சப்பாத்து விற்ற கடையில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். மாமாவின் ஒலிநாடாக்களைப் போட்டுக் கேட்க எங்கள் வீட்டில் ஒரு பெட்டியும் இல்லை. விமான நிலையத்துக்கு வந்த இருபது தொப்பிகளில் மிஞ்சியவர்களை ஒரு கையில் எண்ணலாம். அந்த இசை இங்கே எஞ்சியிருப்பதெல்லாம் முதியோர் இல்லங்களில், மாமியைப் போன்றவர்களின் பொறுப்பில், விழுங்கச் சிரமப்பட்டுக்கொண்டு.

மாமி இன்று ஒரு இல்லத்தில் முழு மாடிக்கும் பொறுப்பு. போன மாதம் சந்தித்தபோது சொன்னார்: புதிதாக ஒரு கிழவர் வந்திருக்கிறாராம், பழைய சுரங்கத் தொழிலாளி, மகளின் பெயர் மறந்துவிட்டது, ஆனால் ஐயோப் பாட்டு மறக்கவில்லை. காலையில் மருந்து கொடுக்கப் போனால் அதைத்தான் பாடுகிறாராம். பாடி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெண்ணுக்கு இதயமே இல்லை, சிஸ்டர். அப்படிப்பட்ட மனிதனை விட்டுவிட்டு எப்படிப் போனாள்?" என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னியள்?" என்றேன். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

"அவளுக்கு அண்டைக்கு ஒரு சோதினை இருந்தது எண்டு சொன்னன்."

கிழவர் இதைக் கேட்டு, பாட்டை முதலிலிருந்து ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாராம். பாட்டில் இப்படி ஒரு அடி இருந்ததாக அவருக்கு நினைவில்லை. கடைசியில் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கவலையோடு, "பாஸ் பண்ணினாளா?" என்று கேட்டாராம்.

"வாயைத் திறவுங்கோ" என்று சொல்லி மாமி குளிசையைக் கொடுத்திருக்கிறார்.